எம்ரிஸின் பாட்டு பின்னாலிருந்து ஓடிய கதை

லண்டனிலிருந்து வந்தவன் பெயர் ஜூலியன். பார்த்ததுமே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. நாற்பது வயசு ஆள், பள்ளிக்கூடப் பையன் மாதிரி முதுகில் பை மாட்டியிருந்தான். பனியனில் எங்கள் குழுவின் பெயர், ‘அயர்ன் பாரிஷ்’ என்று எழுதியிருந்தது. அந்தக் குழு கலைந்த வருஷம் இவன் தொட்டிலை நனைத்துக்கொண்டு கிடந்திருப்பான்.

நான் அந்தக் குழுவுக்குப் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவன். டட்லியில் தொடங்கிய ராக் குழு, நாலு பேர். நான் ஐந்தாவது ஆள், ஆனால் எந்தப் படத்திலும் இருக்க மாட்டேன். பெட்டி தூக்குவது, கம்பி மாட்டுவது, சண்டை வந்தால் விலக்குவது, பாடுகிறவனுக்குத் தொண்டை கட்டினால் மருந்துக்கடை தேடுவது எல்லாம் என் வேலை. அதற்கு முன்னால் இரும்பு வார்க்கிற பட்டறையில் இருந்தேன். பதினைந்து வயசோடு படிப்பு முடிந்தது. நாலு பேர் முன்னால் எழுதச் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கை வியர்க்கும்.

“மிஸ்டர் ட்ரான்டர், ஆல்பத்துல வராத எல்லாத்தையும் ஒரே பெட்டியா கொண்டு வரோம்” என்றான் ஜூலியன். “ஏழு சின்ன இசைத்தட்டோட பின்பக்கம், ரேடியோவுக்கு வாசிச்சது, ஒத்திகை, பாதியில விட்டது, எல்லாம்.”

“பாதியில விட்டதை எவன்யா கேப்பான்?”

“அதைத்தான் முதல்ல கேப்பாங்க.”

“பைத்தியக்காரனுங்க.”

“நானும் அதுல ஒருத்தன்தான்” என்று சிரித்தான். உடனே சிரிக்கிறவனை நான் நம்புவதில்லை. தேநீர் கொடுத்தேன். பிஸ்கட் டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிட்டேன்.

அவன் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜை மேல் வைத்தான். ஒரு டேப் சுருள். அதன் நுனியில் விரல் நீளத்துக்குப் பச்சை ஒட்டு.

“தட்டு போட்ட கம்பெனியோட கிடங்குல கெடச்சுது. ‘கேரத்’ பாட்டோட மூலச் சுருள். இந்தப் பச்சையை ஒட்டினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

ஒட்டியவன் நான்.

பதிவுக்கூடங்களில் ஒரு பழக்கம் உண்டு. பாட்டைக் கடைசியாக ஒரு தடவை ஓட்டிக் கேட்டபின் டேப்பைத் திருப்பிச் சுற்ற மாட்டார்கள். வேகமாகச் சுற்றினால் கோணலாக உட்கார்ந்து ஓரம் கெட்டுவிடும் என்பார்கள். அப்படியே கழற்றிப் பெட்டியில் வைப்பார்கள். அப்போது பாட்டின் முடிவு வெளியே இருக்கும், ஆரம்பம் உள்ளே இருக்கும். இது அடுத்து வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக நுனியில் சிவப்பு ஒட்டு ஒட்டி, பெட்டி மேல் ‘முடிவு வெளியே’ என்று எழுத வேண்டும். சிவப்பு என்றால் திருப்பிச் சுற்றிவிட்டு ஓட்டு. பச்சை என்றால் அப்படியே ஓட்டு. அவ்வளவுதான் விஷயம். சின்னக் குழந்தைக்கும் புரியும்.

எழுபத்தொன்று, நவம்பர். முன்பக்கத்துப் பாட்டு முடிந்துவிட்டது. ஐந்து மணிக்குக் கூடத்தைக் காலி பண்ண வேண்டும், அரை மணி நேரம் மிச்சம் இருந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் கொள்கிற அந்தக் காலத்துச் சின்னத் தட்டுக்குப் பின்பக்கம் என்பதே அந்த மிச்ச அரை மணிதான். முன்பக்கம் விற்பதற்கு. பின்பக்கம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்கு. குடித்துவிட்டுக் கத்தினாலும் பதிவு செய்து அனுப்பிவிடுவார்கள்.

பாடகன் ரெக்ஸ் சொன்னான்: “எம்ரிஸ், நீ ஒண்ணு எழுதி வச்சிருக்கியே, அதைப் பாடேன்.”

எம்ரிஸ் பியூ எங்கள் பேஸ் கிதார்காரன். வேல்ஸிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். பேசினால் திக்கும், ஒரு பெயரைச் சொல்வதற்குள் பஸ் போய்விடும். அவன் தம்பி கேரத் டிப்டன் கால்வாயில் விழுந்து செத்து அப்போது ஏழு மாசம். தம்பியைப் பற்றி அவன் பாட்டுக் கட்டியிருந்தது ரெக்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.

“எ... என்னால முடியாது.”

“நீ பேச வேணாம்டா, பாடு. திக்கினா நிறுத்திக்கலாம்.”

பாடினான். ஒரே தடவை. ஒரு இடத்திலும் திக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அழுதேன். ஒலிப்பதிவுக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டே, “நெவ், அதைக் கழட்டிப் பெட்டியில போடு. சிவப்பு ஒட்டு, மேல எழுதிடு, காலையில லண்டன் போயாகணும்” என்றார். அவருடைய உதவியாள் பல் பிடுங்கப் போயிருந்தான். அதனால் வேலை என் தலையில் விழுந்தது.

சிவப்பு ஒட்டு தீர்ந்து வெறும் அட்டை வளையம் கிடந்தது. பக்கத்தில் பச்சை இருந்தது. டேப் அவிழாமல் இருந்தால் போதாதா, எந்த நிறமாக இருந்தால் என்ன என்று பச்சையை ஒட்டினேன். மேலே எழுத வேண்டும். நாலு பேர் நின்றிருந்தார்கள். நான் தப்பாக எழுதினால் சிரிப்பார்கள். பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். லண்டனில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை பெட்டியை வாங்கியவள் வரவேற்பு மேஜைப் பெண். அவளிடம் என்ன சொல்வது? வந்துவிட்டேன்.

லண்டனில் டேப்பை ஓட்டி அதிலிருந்து தட்டு வெட்டுகிறவன் பச்சையைப் பார்த்தான், அப்படியே ஓட்டினான். புரியாத சத்தம் வந்திருக்கும். முடி வளர்த்தவன்கள் அந்த வருஷம் எதைத்தான் பண்ணவில்லை? இதுவும் ஏதோ புதுமை என்று வெட்டி அனுப்பிவிட்டான்.

மூன்று வாரத்தில் தட்டு கடைக்கு வந்தது. எம்ரிஸின் அம்மா தானே போய் வாங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்து, சாண்ட்விச் வெட்டி அடுக்கி, செத்த பிள்ளையின் போட்டோவை எடுத்து முன்னால் வைத்து, பின்பக்கத்தைப் போட்டாள். தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ கத்துகிற மாதிரி வந்தது. முழுதும் அப்படியே ஓடி நின்றது. ஒருத்தரும் சாண்ட்விச்சைத் தொடவில்லை என்று எம்ரிஸ் பிற்பாடு சொன்னான்.

மறுநாள் ஒத்திகைக் கூடத்தில் கம்பெனி ஆள் வந்து குதித்தான். “எவன் பண்ணது இது? ஆளைக் காட்டுங்க. இன்னைக்கே வெளிய. இனி இந்தத் தொழில்ல எங்கயும் அவன் நிக்க முடியாது.”

எம்ரிஸ் கையில் தட்டோடு வாசலில் நின்றிருந்தான்.

நான் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் என் மனைவி ஜாய்ஸுக்கு ஏழு மாசம். பட்டறையில் ஆட்குறைப்பு. வாயைத் திறக்கவில்லை.

“யாரும் தப்புப் பண்ணலை” என்றான் ரெக்ஸ். “நான்தான் அப்படி வேணும்னு சொன்னேன். புதுசா இருக்கட்டுமேன்னு.”

கம்பெனி ஆள் அடங்கிவிட்டான். பாடகன் வேண்டுமென்றே செய்தது என்றால் அது தப்பில்லை, கலை.

“எ... எங்கம்மா...” என்றான் எம்ரிஸ். அதற்கு மேல் வரவில்லை. கிதாரைப் பெட்டியில் வைத்து, இரண்டு கொக்கியையும் மாட்டி, போய்விட்டான். குழுவுக்குத் திரும்பவேயில்லை.

நான் அன்று ரெக்ஸைப் பற்றி என்ன நினைத்தேன்? நன்றி என்றா? கிடையாது. புகழுக்கு அலைகிறவன், எது கிடைத்தாலும் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறான் என்று நினைத்தேன். அப்புறம் அதற்கு ஏற்ற மாதிரியே நடந்தது. ஐந்தாறு வருஷத்தில் ரசிகர்கள் அந்தப் பின்பக்கத்தைத் தேடி அலைந்தார்கள். ஆல்பத்தில் இல்லாத பாட்டு, சொல்லே புரியாத பாட்டு. சாத்தானைக் கூப்பிடுகிறது என்று வால்சால் ஊர்ப் பாதிரி ஒருத்தர் அதை உடைத்தார். சிலர் தட்டைக் கையால் பின்னோக்கிச் சுற்றிச் சொற்களைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பினார்கள். பத்திரிகைக்காரன் கேட்டால் ரெக்ஸ், “துக்கத்தைப் பின்னாடி ஓட்டினா போனவன் திரும்பி வரானான்னு பாத்தோம்” என்பான். அதைப் படித்துவிட்டு நான் காறித் துப்பினேன். என் தப்பை எடுத்து இவன் சட்டையில் பதக்கமாகக் குத்திக்கொண்டான் என்று.

குழு கலைந்தபின் நான் பஸ் ஓட்டினேன். எம்ரிஸ் பூட்டுத் தொழிற்சாலையில் இருந்தான். பில்ஸ்டன் தொழிலாளர் கிளப்பில் வியாழக்கிழமை தோறும் நாங்கள் இரண்டு பேரும் சீட்டு ஆடுவோம். ஆளுக்கு இரண்டு பைன்ட் கறுப்பு பீர், நடுவில் ஒரு பொட்டலம் பன்றித்தோல் வறுவல். முப்பத்தெட்டு வருஷம். ஜாய்ஸ் போனபின் எனக்கு வாரத்தில் பேசுகிற நாள் அது ஒன்றுதான். இரண்டு குளிர்காலத்துக்கு முன் ரெக்ஸ் புற்றுநோயில் போனான். நான் எம்ரிஸிடம் சொன்னேன். “செ... செத்தானா? சரி. சீ... சீட்டைப் போடு” என்றான். நான் மட்டும் போய் மாதாகோவிலில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது இந்த ஜூலியன் மேஜை மேல் விரலைத் தட்டினான்.

“பெட்டியோட வர்ற புத்தகத்துல நான் எழுதப்போறது இதுதான். டேப்பைக் கட்டினவர் தப்பான ஒட்டை ஒட்டிட்டாரு. ரெக்ஸோட யோசனை இல்லை. பேர் எனக்குத் தெரியாது, அதனால பேர் போட மாட்டேன்.” என் முகத்தையே பார்த்தான். “பாட்டை நேரா ஓட விடணும்னா எம்ரிஸ் கையெழுத்து வேணும். ரெண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நீங்க எடுத்துட்டுப் போறீங்களா?”

“நான் என்ன தபால்காரனா?”

“அவருக்கு நீங்க ஒருத்தர்தான் கூட்டாளின்னு கேள்விப்பட்டேன்.”

படிவத்தை வைத்துவிட்டுப் போனான். போகும்போது தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று நாள் படிவம் மேஜை மேலேயே கிடந்தது. எம்ரிஸ் முட்டாள் இல்லை. டேப்பைக் கட்டினவன் என்று ஒரு வரி வந்தால் போதும், அன்று பெட்டியை லண்டனுக்குக் கொண்டுபோனது யார் என்று அவனுக்குத் தெரியும். புத்தகம் சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும். சொன்னால் வியாழக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டாலும் இரண்டு மாசத்தில் போய்விடும். அப்படியும் மூன்று நாள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன் என்பதுதான் அசிங்கம்.

புதன்கிழமை காலை அவன் வீட்டுக்குப் போனேன்.

“இ... இன்னைக்கு என்ன கிழமை?” என்றான் கதவைத் திறந்து.

“புதன்.”

“கெ... கெழவனுக்கு மூளை கழண்டுடுச்சுன்னு நெனச்சேன். வா.”

உட்காராமலே சொன்னேன். பச்சை ஒட்டு, எழுதாத பெட்டி, வரவேற்புப் பெண், எல்லாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவன் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். நிறைந்து வழிந்தது, குழாயை மூடவில்லை. நான்தான் மூடினேன்.

“தொ... தொடாதே” என்றான்.

கெட்டிலைக் கீழே வைத்தான்.

“எங்கம்மா, ரெ... ரெக்ஸோட அம்மாவ சந்தையில பாத்து மூஞ்சியில துப்பினாங்க. நா... நான் கூட நின்னேன். நல்லா வேணும்னு நின்னேன். தெரியுமா உனக்கு?”

“நீ சொல்லியிருக்கே.”

“எ... எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“நெறைய.”

“நீ என்ன ப... பண்ணே அப்போ?”

அப்போதெல்லாம் சீட்டைப் போட்டேன், வேறென்ன.

படிவத்தை நீட்டினேன். அதை அவன் பார்க்கவே இல்லை. “டா... டாரீன் உயிரோடதான இருக்கா? அவகிட்டப் போய் இதைச் சொல்லு. இதே மாதிரி நி... நின்னுக்கிட்டுச் சொல்லு. அப்புறம் வா.”

டாரீன் ரெக்ஸின் மனைவி. செட்ஜ்லியில் மேட்டு வீடு. பஸ் மாறிப் போனேன். அவள் தோட்டத்துக் கையுறையோடு கதவைத் திறந்தாள்.

“நெவ்! இந்த மூஞ்சி இன்னும் மண்ணுக்குள்ள போகலையா? ஷூவைத் துடைச்சுட்டு உள்ள வா. கேக் இருக்கு, பேரன் மிச்சம் வச்சது.”

“நின்னுக்கிட்டே சொல்லணும்மா.”

“என்ன, கடன் கேக்கப் போறியா?”

சொன்னேன். அவள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டே கேட்டாள். ஆச்சரியப்படவில்லை.

“தட்டு கடைக்கு வந்த அன்னைக்கே அவருக்குத் தெரியும்” என்றாள். “பச்சை ஒட்டு இருந்துச்சுன்னு தட்டு வெட்டுறவன் போன்ல சொல்லிட்டான். டேப்பைக் கட்டி எடுத்துட்டுப் போனது யாருன்னு அவருக்குத் தெரியாதா? கூடத்துல அவரும்தானே நின்னாரு.”

“தெரிஞ்சும் ஏன் தான் பண்ணதா சொன்னான்?”

“ஜாய்ஸ் வயித்துல புள்ளை. கம்பெனிக்காரன் உன்னை வெரட்டியிருப்பான். வேற எதுக்கு?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. அதுக்கப்புறம் பன்னெண்டு வருஷம் ஒரே வண்டியில போனோமே.”

“நீயே வந்து சொல்வேன்னு இருந்தாரு. கம்பெனிக்காரனுக்கு வேணாம், எம்ரிஸுக்கு. ரெண்டு பேரும் தனியா இருக்கும்போது நெவ் அவன்கிட்டச் சொல்லிடுவான், எம்ரிஸ் அடுத்த வாரம் திரும்பி வந்துடுவான்னாரு. வேற பேஸ்காரனைக்கூட நாலு மாசம் எடுக்கலை, ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. கஞ்சத்தனம் என்று அப்போது நினைத்தேன்.

“எம்ரிஸ் வீட்டுக்கு அவரும் ஒருதடவை போனாரு. அந்தம்மா கதவை மூஞ்சியில அறைஞ்சுட்டாங்க. சரி, நெவ் பாத்துப்பான்னு வந்துட்டாரு. கிறிஸ்துமஸ் வந்தா என்னைக் கேப்பாரு, நெவ் சொல்லியிருப்பானான்னு. ஆஸ்பத்திரியில கடைசியிலயும் கேட்டாரு.”

“பத்திரிகையில பெருமையா பேசினானே?”

“பொய்யைச் சொல்லிட்டு அப்புறம் என்ன பண்ணுவான் மனுஷன்? திக்கித் திக்கியா சொல்லுவான்? நல்லா அலங்காரம் பண்ணித்தான் சொல்லணும்.” சொன்னபின்தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

“என்னைத் திட்டேன்மா” என்றேன்.

“எழுபத்தாறு வயசுல உன்னைத் திட்டி நான் என்ன பண்ண? அவரைத்தான் திட்டினேன், அப்பவே. நெவ்வை நம்பாதீங்க, அவன் யாரையும் நம்ப மாட்டான், அப்படிப்பட்டவன் தானா வந்து சொல்ல மாட்டான்னு. கேக்கலை.” கேக்கை ஒரு காகிதத்தில் சுற்றி என் கையில் திணித்தாள். “எம்ரிஸ்கிட்ட இதையும் போய்ச் சொல்லு. இன்னைக்கே. நாளைக்குன்னு சொல்லாதே, உன் நாளைக்கு எனக்குத் தெரியும்.”

அன்றைக்கே போனேன். நாலு மணி இருக்கும். எம்ரிஸ் சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சம் திறந்தான். அந்த இடுக்கு வழியாகவே சொன்னேன். ரெக்ஸுக்கு முதல் நாளே தெரியும் என்றேன். எனக்காகத்தான் அப்படிச் சொன்னான் என்றேன். உனக்காக நாலு மாசம் ஆள் எடுக்காமல் இருந்தான் என்றேன். என்னை நம்பினான் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

எம்ரிஸ் வாய் திறந்தது. “ரெ...” என்றான். நின்றது. “ரெ... ரெ...” கழுத்து நரம்பு புடைத்தது, கண் மூடிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அவன் இவ்வளவு நேரம் ஒரு சொல்லில் மாட்டி நான் பார்த்ததில்லை. தெருவில் ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள், திரும்பி வந்தாள். அந்தப் பெயரை அவன் கடைசிவரை சொல்லவில்லை. கதவு மெதுவாக மூடியது. அறையவில்லை.

படிவத்தையும் கேக்கையும் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வியாழன். கிளப்பில் எங்கள் மேஜையில் உட்கார்ந்து இரண்டு பைன்ட் வாங்கி வைத்தேன். ஒன்பது மணிக்கு மேஜையைத் துடைக்க வந்தவள், “அவர் வரலையா?” என்றாள். வரவில்லை என்றேன். அதற்கடுத்த வியாழனும் வரவில்லை.

பெட்டி போன மாசம் வந்தது. ஜூலியன் எனக்கு ஒன்று அனுப்பியிருந்தான். ஆறு தட்டு, தடித்த புத்தகம். புத்தகத்தில் டேப்பைக் கட்டியவன் பெயர் இருக்கிறது, நான்தான் போடச் சொன்னேன். நானே எழுதியும் கொடுத்தேன். என் எழுத்தைப் பார்த்து அவன் சிரிக்கவில்லை. மூன்றாவது தட்டில் ஐந்தாவது பாட்டு ‘கேரத்’. கையெழுத்து கடைசிவரை வரவில்லையாம். அதனால் பழைய தட்டில் இருந்தபடியே, பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது.